நாளைக்கு நின்ற பாட்டு

சென்னியப்பன் வீட்டில் பாட்டு நின்றால், பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவாள். பாட்டு நின்றால் ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். யார், எதற்கு, கையில் பை இருக்கிறதா, பையில் இருப்பது பழமா பத்திரிகையா என்பதையெல்லாம் நின்று நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். வடவள்ளியில் அந்தச் சந்துக்குக் குடிவந்த நாளிலிருந்து இந்த வேலையை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வீட்டு ஏற்பாடு அப்படி. ஹாலில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. பாட்டு முழுக்க அதற்குள்தான். இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர். சமையலறையில், மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன பழைய லேப்டாப். மூடி ஆட்டம் கண்டுவிட்டதால் அரிசி டப்பாவில் சாய்த்து வைத்திருப்பார்கள். சென்னியப்பனின் மனைவி அம்சவேணி அடுப்படியில் நின்றபடியே லேப்டாப்பில் ஒரு தட்டு தட்டினால் ஹாலில் பாடும். இன்னொரு தட்டில் நிற்கும். ஈரக் கையோடு ஹாலுக்கு ஓட வேண்டியதில்லை. பால் காய்ச்சும்போது தொடங்கினால் பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகும் ஓடும். பாட்டு இல்லாமல் அம்சாவுக்குச் சட்னிகூட அரைக்க வராது என்று தெய்வாத்தாள் சந்து முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஈரோட்டு மச்சான் வந்து போகும்வரை.

கொங்குப் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை முகம் பார்த்து ‘வாங்க’ என்று கேட்டாக வேண்டும். நாலு பேர் சேர்ந்து வந்தால் நாலு பேரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை முடிந்தது. ஈரோட்டு மச்சான் என்பவர் சென்னியப்பனின் அக்கா வீட்டுக்காரர். மரியாதையைத் தராசில் நிறுத்து வாங்குகிற ஆள். அவர் வாசலில் கால் வைத்ததைப் பார்த்ததுமே அம்சவேணி லேப்டாப்பைத் தட்டினாள். ஆனால் அந்தத் தட்டு ஹாலுக்குப் போய்ச் சேர மூன்று விநாடி ஆகும். அந்த மூன்று விநாடிக்குள் அவள் கேட்ட ‘வாங்கண்ணா’ நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவே மாட்டி நசுங்கிப்போயிற்று. மச்சான் காதில் விழவில்லை. ஒரு செருப்பைக் கழற்றியவர் அதையும் மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார். பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

சென்னியப்பனுக்கு இது இரண்டு மடங்கு அவமானம். அவருக்கு வேலை, நூல் மில் மிசின்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்கிற ஒரு கம்பெனியில். நூல் அறுந்தால் மிசின் அந்தக் கணமே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு பாழ். மிசின் நிற்க ஒரு கண்சிமிட்டல் தாமதமானாலே சாப்பாடு இறங்காத மனிதர் வீட்டில் பாட்டு நிற்க மூன்று விநாடி. கம்பெனியில் புதிதாகச் சோதித்துக்கொண்டிருந்த போர்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் சொருகினார். ஆபீஸ் விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். காபி ஆறிப்போகும், அம்சவேணி திரும்பச் சுடவைப்பாள், அதுவும் ஆறும்.

விளைவை முதலில் கண்டுபிடித்தது அவரில்லை, தெய்வாத்தாள்.

ஒருநாள் பாட்டு நின்றது. வழக்கம்போல ஜன்னலுக்கு வந்தாள். கேட்டில் யாருமில்லை. சந்தின் இரண்டு முனையிலும் யாருமில்லை. இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஏமாந்ததில்லை என்பதால் அங்கேயே நின்றாள். சற்று நேரம் கழித்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். மறுநாளும் அப்படியே: பாட்டு நின்ற பிறகு அவள் ஒரு வெங்காயம் உரித்து முடித்தாள், அப்புறம்தான் கூரியர்காரன் வந்தான். மூன்றாம் நாள் அவள் கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சென்னியப்பனிடமே கேட்டுவிட்டாள். அவர் முகத்தில் இருந்த களையைப் பார்த்தால், பிள்ளை பிறந்த சேதியை யாரிடம் சொல்வது என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

“அக்கா, தாமதத்தக் கொறச்சுக்கிட்டே வந்தனுங்க. மூணு, ஒண்ணு, அரை, கால். சைபர் வந்துச்சு. அங்க நிக்கும்னு நெனச்சேன். நிக்கல. சைபருக்குக் கீழ போயிருச்சு.”

“கீழன்னா?”

“அம்சா தட்டறதுக்கு முந்தியே அந்தத் தட்டு இங்க வந்து சேர்ந்துருதுங்க.”

தெய்வாத்தாளுக்கு மிசின் புரியாது, பலன் புரியும். “அப்ப ஆள் வர்றதுக்கு முந்தியே ஆள் வர்றது தெரியும்.”

“அப்படியும் சொல்லலாமுங்க.”

“வேற எப்படித் தம்பி சொல்றது” என்றாள் அவள்.

உண்மைதானா என்று பார்க்க அவர் சோதனைகூடச் செய்திருந்தார். பாட்டு நின்றவுடன் ஓடிப்போய் அம்சவேணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், தட்டவிடாமல். கேட் திறந்தது. யாரென்று திரும்பிப் பார்த்ததில் அவருடைய முழங்கையே லேப்டாப்பில் பட்டது. அடுத்த முறை லேப்டாப்பைத் துணி போட்டு மூடி வைத்தார். அரிசி டப்பா சரிந்து அதன் மேல் விழுந்தது. வந்த தட்டு வந்ததுதான், யார் கை என்பதுதான் மாறும் என்று தெரிந்துகொண்டார். அதற்கப்புறம் விட்டாரா என்றால், இல்லை. நிமிஷத்தை மணியாக்கினார், மணியை ஒரு முழு நாளாக்கினார். நூல் அறுந்தபின் மிசினை நிறுத்துவது பழைய காலம், நாளைக்கு அறுபடப்போகிற நூலுக்கு இன்றைக்கே நிறுத்துவதுதான் இனிமேல் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

சந்துக்கு வந்த உற்சாகத்தைக் கேட்க வேண்டுமா. சென்னியப்பன் வீட்டுக்கு நாளை வரப்போகிறவர்களைத் தெய்வாத்தாள் இன்றைக்கே சொல்லத் தொடங்கினாள். பாட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். சட்டென்று நின்று சட்டென்று தொடங்கினால் கூரியர். இட்லி வேகிற நேரம் நின்றால் சொந்தம். பொழுதே போய்விட்டால் சென்னியப்பனின் சின்ன அக்கா. பால்காரன் பாக்கெட் போட வரும்போதே, நாளைக்கு எதிர் வீட்டுக்காரி சர்க்கரை கடன் கேட்டு வருவாள் என்று சொல்லி அனுப்புவாள். எதிர் வீட்டுக்காரி வைராக்கியமாகக் கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கிக்கொண்டாள். பிறகு, தன்னைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பதற்காக மறுநாள் அம்சவேணி வீட்டுக்கு வந்தாள். பாட்டு நின்ற கணக்குச் சரியாகப் போயிற்று.

அம்சவேணி மட்டும் இதில் சேரவில்லை. துணி எடுக்க வந்தவள் ஒருநாள் காம்பவுண்டுச் சுவர் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, இன்னிக்குக் கேக்கற பாட்டு நான் நாளைக்குப் போடப்போறதுங்க. நாளைக்கு எதப் போடுவேன்? இன்னிக்கு எது கேட்டுச்சோ அதத்தான். அப்ப அந்தப் பாட்ட எடுத்தது ஆரு? நான் எடுக்கல. அவரும் எடுக்கல. நேத்துக் கேட்டத அப்படியே தட்டிக்கிட்டிருக்கேன்.”

நல்ல பாட்டாகத்தானே வருகிறது, விட்டுத் தள்ளு என்று தெய்வாத்தாள் சொல்லிவிட்டு, இன்றைக்கு மத்தியானம் அவ்வளவு நேரம் பாட்டு நின்றதே, நாளைக்கு வருவது சின்ன அக்காவா என்று விசாரித்தாள். அம்சவேணி துணியை மடித்துக்கொண்டு போனாள்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை வந்தது.

காலையிலிருந்தே பாட்டு நின்று நின்று ஓடியது. ஒரு பல்லவி முழுதாக வரவில்லை. தெய்வாத்தாள் ஜன்னலிலிருந்து நகரவே இல்லை. இத்தனை பேர் ஒரே நாளில் வருகிறார்கள் என்றால் வியாழக்கிழமை அந்த வீட்டில் ஏதோ விசேஷம். தனக்குத் தெரியாமல் என்ன விசேஷம் இருக்க முடியும் என்று அவளுக்கு ஒரே பரபரப்பு. மகனுக்குப் பெண் அமைந்துவிட்டதோ என்று புடவைகூட எடுத்து வைத்தாள். பொழுது சாய்கிற நேரம் பாட்டு இன்னொரு முறை நின்றது. அவள் காத்திருந்தாள். விளக்கு வைத்தார்கள். எல்லா வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டுகள் சத்தம் போட்டன. பாட்டு வரவில்லை.

தெய்வாத்தாள் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனபோது சென்னியப்பன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

“மிசின் கெட்டுப்போச்சா தம்பி?”

“நல்லாத்தான் இருக்குதுங்க. நாளைக்குப் பொழுது சாஞ்சு அம்சா ஒருக்கா நிறுத்தறா. பொறவு தட்டே இல்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் ஒண்ணு நெனச்சேன். அவ தட்டாட்டிப் போவுது, நாளைக்கு ராத்திரி நானே போயி ஒரு தட்டு தட்டிருவேன், அப்ப இப்பவே பாட்டு வந்துருமில்லன்னு. சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருக்கேன். வரமாட்டேங்குதுங்கக்கா.”

“அப்படின்னா?”

“நாளைக்குத் தட்டற நெலமைல நானும் இல்லைன்னு அர்த்தமுங்க.”

சாவு விழுந்த வீட்டில் பாட்டுப் போட மாட்டார்கள். கருமாதி முடியும்வரை அந்த வீட்டில் மட்டுமல்ல, அக்கம்பக்கத்திலும் டிவி சத்தம் வெளியே கேட்காது. காலையிலிருந்து கூட்டம், பொழுது சாய்ந்ததும் மௌனம். இதைப் படிக்க மிசின் படிப்புத் தேவையில்லை. டைபாய்டு வந்து தெய்வாத்தாள் படுத்திருந்தபோது அவளுக்கும் அவள் வீட்டுக்காரர் வையாபுரிக்கும் சேர்த்து மாதக்கணக்கில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் அம்சா. வையாபுரிக்கு அப்போதும் சரி இப்போதும் சரி, வெந்நீர் வைக்கத் தெரியாது.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சென்னியப்பன் கேட்டுக்கொண்டார். தெய்வாத்தாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் வீட்டு மாரண்ணன் சம்சாரத்திடம் மட்டும் சொன்னாள், அதுவும் துக்கம் தாங்காமல். காலை இட்லிக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.

சந்திலேயே மூத்தவர் என்பதால் முதலில் எல்லோரும் மாரண்ணனைத்தான் பார்த்தார்கள். ரிடையரான மில் மேஸ்திரி. வாக்கிங் போய்விட்டு வந்தவரை நாலு பேர் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அவர் கையை உதறிக்கொண்டு, தன் ரத்தம், சர்க்கரை எல்லாம் சுத்தம், ரிப்போர்ட் கொண்டுவந்து காட்டட்டுமா என்று சண்டைக்கு நின்றார். தட்டுகிற கை அம்சவேணியுடையது, நின்றது அந்தத் தட்டு, எனவே வேறு யாராக இருக்க முடியும் என்று ஆர அமர யோசித்து எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாரடைப்பா, பாம்பா, கேஸ் சிலிண்டரா என்பதில் மட்டும்தான் இரண்டு கட்சி.

வியாழக்கிழமை அம்சவேணி வீட்டுக்கு வந்த கூட்டத்தைப் போல அந்தச் சந்து அதற்கு முன் பார்த்ததில்லை. கூட்டம் வரும் என்று மிசின் சொன்னதால்தான் கூட்டமே வந்தது என்பதை யோசிக்க யாருக்கும் நேரமில்லை. சென்னியப்பன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அரிவாள்மனை, மிக்சி, தீப்பெட்டி எல்லாவற்றையும் பெண்டாட்டிக்கு எட்டாத இடத்தில் வைத்தார். தரையில் கோணிச் சாக்கு விரித்தார், வழுக்கக் கூடாதாம். அம்சவேணியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, தெய்வாத்தாளும் இன்னும் இரண்டு பேரும் சமையலை எடுத்துக்கொண்டார்கள். சாம்பாரில் உப்புக் கூட. யாரும் சொல்லவில்லை, அன்றைக்கு அப்படி.

ஆள் வர வர அம்சவேணி தட்டினாள், முகம் பார்த்து ‘வாங்க’ கேட்டாள், மறுபடி தட்டினாள். ஹாலில் சத்தமே இல்லை. அந்தப் பாட்டெல்லாம் நேற்றே பாடி முடிந்துவிட்டது. வந்தவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டு, அம்சா கைப்பக்குவம் யாருக்கு வரும், எவ்வளவு நல்ல மனசு இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். ‘இருந்தது’ என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்சவேணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு காபி குடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து இன்னொருத்தர் போட்ட காபியை அந்தச் சமையலறையில் உட்கார்ந்து அவள் குடித்ததில்லை.

அவளிடம் ஏதாவது பேச வேண்டும் என்று சென்னியப்பன் நாலு முறை வந்து நின்றார். நாலாவது முறை, அவளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அதை இதுவரை கேட்டதில்லை என்பது அவருக்கே உறைத்தது. அவள் மேலே பார்த்து யோசித்தாள்.

“தெரீலைங்க. நெனச்சுப் பாக்கணும்.”

பொழுது சாய்ந்தது. பேச்சு குறைந்தது. பெண்கள் எல்லோரும் சமையலறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்; தெய்வாத்தாள் அம்சாவின் தோளைப் பிடித்திருந்தாள், பிடித்திருந்தால் போகாது என்பது போல. அந்த நேரம் பார்த்துக் கேட் திறந்தது. ஈரோட்டு மச்சான். சேதி கேள்விப்பட்டுப் பஸ் ஏறி வந்தவர், கடைசி முகம் பார்த்துவிடலாம் என்று. அம்சவேணி லேப்டாப்பைத் தட்டினாள்.

“வாங்கண்ணா.”

மச்சான் காதில் தெளிவாக விழுந்தது. அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இதுதான் அந்தக் கடைசித் தட்டு என்று சென்னியப்பனுக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். எல்லோரும் அம்சவேணியையே பார்த்தார்கள். அவள் லேப்டாப்பின் மூடியைச் சாத்தினாள். எழுந்து நின்றாள்.

“என்ற தோள விடுங்கக்கா, எனக்கொண்ணுமில்ல. எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிப்போடறேன். உடுமலைல ஒரு மில்லுல நூல் சோதிக்கற லேப்பு இருக்குதுங்க. கல்யாணத்துக்கு முந்தி நான் பாத்த வேல. கூட இருந்தவ ரொம்ப நாளா வா வான்னு கூப்படறா. நாளைக்குக் காலைல போறேன். அங்கயே ரூம்பு இருக்குது. மாசத்துல ஒருக்கா வருவேன்.”

துக்கத்துக்கென்று கிளம்பி வந்தவர்களுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதலில் வாய் திறந்தவர் மச்சான். இதுக்குத்தான் ஈரோட்டிலிருந்து நின்றுகொண்டே வந்தேனா என்று கேட்டார். துண்டு இன்னும் கையில் ஈரமாக இருந்தது.

சென்னியப்பன் தரையில் இருந்தபடியே அவளை ஏறிட்டுப் பார்த்தார். “நீ… சாவலயா?”

“அதுக்கு இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க.”

அவர் சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை சந்தில் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது என்பது தெய்வாத்தாளின் சாட்சி. எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தில் அது சாவைவிடப் பெரிய சேதி. அப்புறம் மெதுவாக, “அப்ப சோறு?” என்றார். கூடத்தில் இருந்த ஆண்கள் பதில் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை தெய்வாத்தாள்தான் கூடப் போனாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது.

“ஏன் அம்சா, இத முன்னயே முடிவு பண்ணி வெச்சிருந்தயா? இல்ல, அந்த மிசின் சொல்லித்தான் போறயா?”

“மிசின் என்னத்தக்கா சொல்லுச்சு? நாளைக்குத் தட்டு இல்லைன்னு சொல்லுச்சு. நீங்க எல்லாரும் அதக் கேட்டுட்டு, அப்ப அம்சா இல்லைன்னுட்டீங்க.” பெட்டியை வாங்கி இறக்கி வைத்தாள். “நான் கேட்டுட்டு, அப்ப நாளைக்கு ராத்திரிக்கு மேல எனக்குன்னு எதுவும் போட்டு வெக்கலைன்னு நெனச்சேன். இத்தன நாள்ல எனக்குக் கெடச்ச மொதக் காலி நாளுங்க அது. அத எதுக்குச் சமையக்கட்டுல கழிக்கோணும்?”

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தெய்வாத்தாளுக்குத் திரும்பி நடக்க மனசில்லை. சந்தில் அத்தனை வீடு. அத்தனை பேரும் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தார்கள். மாரடைப்பு வந்தது, பாம்பு வந்தது, சிலிண்டர்கூட வெடித்தது. அடுப்படியில் இல்லாத பொம்பளை பஸ்ஸில் இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஊர்ச் சேதி முழுக்கக் கையில் வைத்திருக்கிற தனக்கே தோன்றவில்லையே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

முதலாளி சொன்னபடி அன்றைக்கே வந்தார். மௌனமாக இருந்த மிசினைப் பார்த்தார். ஹோட்டலிலிருந்து வாங்கிவந்த காபியைக் குடித்தார். கதை முழுவதையும் கேட்டார். முந்தின நாள் ராத்திரி ஏன் ஒரு தட்டுத் தட்டவில்லை என்று அவர் கேட்டபோது, அது ஞாபகமே வரவில்லை என்றார் சென்னியப்பன். முதலாளி இன்னும் சில வீடுகளில் வைத்துப் பார்க்கச் சொல்லி, புதுப் போர்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரத்தில் ஒருநாள் சென்னியப்பன் வீட்டு ஹாலில் திடீரென்று பாட்டுக் கேட்டது. அம்சா நாளைக்கு வருகிறாள் என்று சந்தே கூடிவிட்டது. மறுநாள் மாரண்ணன் சம்சாரம் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்து நின்றாள். யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் சமையலறையில் சென்னியப்பன், மடித்துக் கட்டிய வேட்டியோடு, ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் போனுமாக நின்று, கடுகு வெடித்த பிறகு வெங்காயமா அதற்கு முன்னாலா என்று உடுமலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் லேப்டாப்பைத் தட்டினார். ஆரத்தியைத் தெருவில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

போர்டுக்குத்தான் அடிதடி. சந்திலிருக்கிற பெண்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் சென்னியப்பனிடம் வந்து தங்கள் வீட்டுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். பாட்டுக் கேட்கத்தான் என்று சொன்னார்கள். அவர்கள் போன பிறகு ஆண்கள் தனித்தனியாக, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் வந்து, எங்கள் வீட்டுக்கு வேண்டாம், வயரிங் பழசு, இழுக்காது என்று கேட்டுக்கொண்டார்கள். வையாபுரி இரண்டு முறை வந்தார். தங்கள் வீட்டில் யாருக்கும் காதுக்குப் பாட்டுப் பழக்கமே இல்லை என்றார்.

தெய்வாத்தாள் விடவில்லை. பேரனுக்காக வாங்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டர் ஹாலில் சும்மா கிடந்தது. மருமகள் கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று சமையலறை மேடையில் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சென்னியப்பன் வந்து போர்டைச் சொருகி, ஒரு நாள் முன்கூட்டி வைத்து, தட்டுவது எப்படி என்று காட்டிவிட்டுப் போனார். நாளைக்குக் காலை அடுப்படிக்கு வந்ததும் அவள் ஒரு தட்டுத் தட்டினால், இதோ இன்றைக்கு இந்நேரமே ஹாலில் பாட வேண்டும்.

பாடவில்லை.

வையாபுரி நாற்காலியை இழுத்து மிசினுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பத்திரிகை கையில் இருந்தது, பார்வை அதில் இல்லை. வெயில் ஏறியது. மத்தியானமும் ஆயிற்று. ஹால் அப்படியே இருந்தது. அவர் எழுந்து சமையலறைக்குப் போனார், பாத்திரங்கள் உருண்டன, நெடுநேரம் கழித்து ஒரு டம்ளரில் காபி போல ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். முகம் வேர்த்திருந்தது.

“தெய்வா, நாளைக்கு எங்காச்சும் போற மாதிரி இருக்குதா?”

“தெரீலைங்க.”

“தெரீலைன்னா? நீதான போகோணும். என்ன பண்ணப்போற, சொல்லு.”

அவள் காபியை வாங்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மிசினைப் பார்த்த கண்ணை எடுக்கவில்லை. இவ்வளவு பெரிய சேதி இந்தச் சந்தில் இதற்கு முன் வந்ததில்லை போல.

“சித்தெ சும்மா இருங்க. நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”